எங்க போயிட்டு வந்தே?

டிம்ப்னா மக்ஹேல் தோலில் பழுப்பு நிறம் ஏற்றும் டேன் போட்டு அனுப்புகிற ஒவ்வொருத்தியிடமும் வாசலில் நின்று ஒரே பாட்டைத்தான் பாடுவாள். "எட்டு மணி நேரம் தண்ணி படக்கூடாது. பாத்திரம் கழுவாதே. மழை வந்தா ஓடு. அழாதே." மாயோ மாவட்டத்தில் மழைக்குப் பயந்து ஓடுவதென்றால் பிறந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் பெண்கள் கேட்டார்கள். வியாழக்கிழமை மாலையில் கறுப்புத் தொளதொள உடுப்பும் தலையில் முக்காடுமாக நாலு பெண்கள் காரை நோக்கித் தாவி ஓடினால், சனிக்கிழமை ஊரில் கல்யாணம் என்று தபால்காரருக்கே தெரிந்துவிடும்.

அந்த ஊரில் வெள்ளைத்தோல் எல்லோரிடமும் இருப்பது. யாரும் வெளியே காட்ட விரும்பாதது. கோடையில் பாவாடை கொஞ்சம் மேலே ஏறினால் போதும், "பால் பாட்டில் வருதுடா!" என்று பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு குரல் வரும். சரி, வெயிலில் கிடக்கலாம் என்றால் வெயில் வருஷத்தில் பத்து நாள். அந்தப் பத்து நாளும் தோல் சிவந்து உரியுமே தவிர நிறம் ஏறாது. ஆகவே வெயில் படாமல் வெயிலின் நிறம் வேண்டும். அதுவும் போட்டது தெரியாமல் வேண்டும். இதைத்தான் டிம்ப்னா இருபது வருஷமாகச் செய்துவந்தாள். கடை கிடையாது, போர்டு கிடையாது. வீட்டுப் பின்கட்டில், வாஷிங் மெஷினுக்கும் பின்வாசலுக்கும் நடுவே ஒரு கறுப்புத் துணிக் கூடாரம், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கையில் தெளிப்பான், அவ்வளவுதான்.

தொழிலில் அவள் கறார். முதல் நாளே முழங்கையும் முட்டியும் கணுக்காலும் தேய்த்துக் குளித்துவிட்டு வர வேண்டும். காய்ந்த தோல் மருந்தை அளவுக்கு மேல் குடித்துவிடும், அங்கே திட்டுத்திட்டாகக் கறுக்கும். அதனால் அந்த இடங்களிலெல்லாம் முதலில் கொஞ்சம் கிரீம் தடவுவாள். கழுத்தும் மார்பும் வெளிர், கால் கொஞ்சம் கூடுதல். கடைசியில்தான் கை. கைக்கென்று தனியாக மருந்தே எடுக்க மாட்டாள். கையுறையில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை விரல் முட்டியின் மேல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, போதும் என்பாள். "முகம் பொய் சொல்லும். கைதான் காட்டிக்கொடுக்கும்."

அந்த மருந்து செத்த தோலில்தான் பிடிக்கும். உடம்பின் மேலே செத்துக் கிடக்கிற மெல்லிய படலம் நிறம் மாறும். ஏழெட்டு நாளில் படலம் உதிரும், நிறமும் கூடவே போகும். இது தெரியாத பெண் அந்த ஊரில் இல்லை. டிம்ப்னாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவள்தான் மறந்துபோனாள்.

போட்டது நன்றாக இருக்கிறதா என்பதற்கு ஊரில் ஒரே தேர்வுதான். கடையில் யாராவது "யாருடி போட்டுவிட்டா?" என்று கேட்டால் தோல்வி. "எங்க போயிட்டு வந்தே?" என்று கேட்டால் வெற்றி. கேட்கிறவளுக்கும் தெரியும், இவள் எங்கும் போகவில்லை என்று. இருந்தாலும் அப்படிக் கேட்பதுதான் மரியாதை.

அட்ராக்டா அவளுடைய அக்கா. மூன்று வயது மூத்தவள். ஊர் நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொடுக்கும் வேலை. கணவன் மார்ட்டின் ஒரு நவம்பரில் டிராக்டரிலிருந்து இறங்கியவன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஒரே மகள் கிளீனா கால்வேயில் டீச்சர். மார்ட்டின் போன பிறகு அட்ராக்டா வேலைக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். பூசைக்குக்கூடப் பின்வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாக எழுந்து வந்துவிடுவாள். பார்க்கப் பொறுக்காமல் ஒரு வியாழக்கிழமை டிம்ப்னா அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கூடாரத்துக்குள் நிறுத்தினாள்.

"யாருக்குடி நான் காட்டப்போறேன்?" என்றாள் அட்ராக்டா.

"லைப்ரரிக்கு வர்ற கிழவனுங்களுக்குக் காட்டு. அவனுங்களாவது நாலு நாள் கூட உயிரோட இருக்கட்டும்."

அட்ராக்டா சிரித்தாள். மார்ட்டின் போன பிறகு முதல் தடவை. அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, கடைசி வாடிக்கையாளர் போன பிறகு, அக்காவின் முறை என்றாயிற்று.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகுதான் அந்த அதிசயம் ஆரம்பித்தது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் கழுத்து வெளுக்கும். அட்ராக்டாவுக்கு இரண்டு வாரம் கழித்து வந்தாலும் நிறம் அப்படியே நின்றது. பிறகு மூன்று வாரம். டிம்ப்னா இரண்டு பூச்சை ஒன்றாக்கினாள், பிறகு அதையும் மெல்லிசாக்கினாள். கடைசியில் மாதத்துக்கு ஒரு தடவை காலுக்கு மட்டும். நிறம் போகவில்லை. கூடிக்கொண்டுதான் போயிற்று. ஸ்பெயின் கடற்கரையில் ஆறு மாசம் கிடந்தவள் மாதிரி, எண்ணெய் தடவிய மரம்போல ஒரு பழுப்பு.

"என்ன மருந்துடி கலக்கறே எனக்கு மட்டும்?"

"மருந்தில என்ன இருக்கு? கைராசிடி, கைராசி!" என்றாள் டிம்ப்னா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினாள். இருபது வருஷம் பிறத்தியார் முதுகையும் முழங்காலையும் பார்த்துக் கழித்தவளுக்கு, கடைசியில் தன் கையில் ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நம்ப ஆசையாக இருந்தது. தோட்டத்து வேலியோரம் அக்காவை நிறுத்தி, கையில்லாத நீலச் சட்டையில் ஒரு ஃபோட்டோ எடுத்தாள். தன் ஃபேஸ்புக் பக்கத்தில் அதைப் போட்டு, கீழே எழுதினாள்: "இருபத்திரண்டாம் நாள். இன்னும் இயற்கையான நிறம்." அந்த ஒரு ஃபோட்டோவுக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். "உன் அக்காவுக்குப் போட்டியே, அதே மாதிரி" என்று கேட்டு வந்தார்கள்.

ஊரெல்லாம் அட்ராக்டாவைக் கேட்டது, எங்க போயிட்டு வந்தே என்று. "டிம்ப்னாவோட பின்கட்டுக்கு" என்று அவள் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். சொல்லிவிட்டு ஒரு நாற்காலியைத் தேடி உட்காருவாள், ஏனென்றால் அப்போதே அவளுக்கு நிற்க முடியவில்லை. ஜாடி மூடியைத் திறக்க முடியாமல் விரல் முட்டிகள் வலித்தன. நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி வருகிறவர்களையே ஏணியில் ஏற்றினாள். சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரிடம் இரண்டு தடவை போனாள். துக்கம், வயது, இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்றார் அவர். எழுந்து கதவைத் திறந்துவிடும்போது ஆறுதலாக, "நிறம் நல்லாத்தானே இருக்கு உனக்கு. எங்க போயிட்டு வந்தே?" என்று கேட்டார். அட்ராக்டா அதை ஒரு ஜோக்காக வந்து சொல்ல, இருவரும் டீ குடித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்கள். 

பிப்ரவரியில் ஒரு நாள் அட்ராக்டா நூலகத்தில் ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், தூக்கமில்லாத கண்ணோடு, டிம்ப்னாவை வராந்தாவுக்கு அழைத்தாள்.

"உங்க அக்கா எவ்வளவு நாளா இந்த நிறத்துல இருக்காங்க?"

"அது டேன், டாக்டர். நான்தான் போடறேன். அதான் என் தொழிலே." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அக்கா உள்ளே ஊசிக் குழாய்களோடு கிடக்கிற நேரத்திலும் இருந்தது.

"கடைசியா எப்போ போட்டீங்க?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. கால்ல மட்டும்."

டாக்டர் கையிலிருந்த தாளில் அதைக் குறித்துக்கொண்டாள். டிம்ப்னாவும் தான் சொன்னதைத் தானே கேட்டாள். கிறிஸ்துமஸ், ஜனவரி, பிப்ரவரி. காலில் மட்டும். நிறமோ முகத்திலும் கழுத்திலும் அப்படியே இருந்தது.

இரும்பு. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெரிய பெயர் உண்டு, ஊரில் இரும்பு என்றால் போதும். சாப்பாட்டிலிருக்கும் இரும்பை உடம்பு வெளியே விடாமல் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பரம்பரை நோய். மாயோவில் தெருவுக்கு ஒருத்தருக்காவது இருக்கும். நேரத்தோடு தெரிந்துவிட்டால் அதற்கு மருந்துகூட வேண்டாம். போய்ப் படுத்து, கொஞ்சம் ரத்தத்தை வடியவிட்டுவிட்டு, பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்து மாடு மேய்க்கலாம். தெரியாமல் விட்டால் ஈரல் போகும், மூட்டு போகும், தோல் பழுப்பாகும். அட்ராக்டாவுக்கு ஈரல் போய், அதில் கட்டியும் வந்துவிட்டது. கோடை முடிவைப் பார்ப்பது கஷ்டம் என்றாள் டாக்டர்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி யாராவது கவனிச்சிருந்தா..." என்று ஆரம்பித்து, டிம்ப்னாவின் முகத்தைப் பார்த்து அவள் நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பாதி வாக்கியம் டிம்ப்னாவிடம் மட்டும்தான் இருந்தது. அட்ராக்டா எதையும் விசாரிக்கவில்லை. எப்போ வந்தா என்ன, எப்படி வந்தா என்ன, வந்தாச்சு என்றாள். கால்வேயிலிருந்து ஓடிவந்த கிளீனா ஊர் டாக்டரைத்தான் திட்டித்தீர்த்தாள். "அந்த ஆளுக்குக் கண்ணு இல்லையா, ஆன்ட்டி? அம்மாவை ரெண்டு தடவை பாத்திருக்கான்!" டிம்ப்னா ஆமாம் என்று தலையாட்டினாள். ரெண்டு தடவை பார்த்தவனைத் திட்டுகிறாள். எழுபது தடவை, சட்டையில்லாமல், பளிச்சென்ற விளக்குக்கு அடியில் பார்த்தவள் எதிரில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லிவிட வேண்டும். கிளீனாவிடம் இல்லாவிட்டாலும் அட்ராக்டாவிடம், அவள் உயிரோடு இருக்கும்போதே. திட்டட்டும், மூஞ்சியில் துப்பட்டும், மன்னிக்கட்டும், எதையாவது செய்யட்டும். சொல்லாமல் விட்டால் அதற்குப் பிறகு சொல்வதற்கு ஆள் இருக்காது.

கூடப்பிறந்தவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். டிம்ப்னாவுக்கும் அதே இரும்பு இருந்தது, ஆனால் ஆரம்பத்தில். "அக்காவால உங்களுக்குத் தெரிஞ்சுது, அதிர்ஷ்டம்தான்" என்றாள் நர்ஸ், ரத்தப் பையை ஆட்டிக்கொண்டே. நல்ல மனசோடுதான் சொன்னாள். திங்கள்தோறும் போய் ரத்தம் விட்டாள் டிம்ப்னா. விளம்பரத்துக்காகத் தன் உடம்பிலும் வருஷக்கணக்கில் போட்டுவந்த டேனை நிறுத்தினாள். இரண்டு வாரத்தில் அவளுடைய சொந்தத் தோல் வெளியே வந்தது. சாம்பல் பாய்ந்த வெள்ளை. கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தாள். மற்றவர்களுக்கும் போடுவதை நிறுத்திவிட்டாள்; அக்காவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காரணம் சொன்னாள்.

ஆகஸ்டில் வைத்திருந்த தன் கல்யாணத்தைக் கிளீனா மே மாதத்துக்கு இழுத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அட்ராக்டா தங்கையைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். இப்போது பழுப்போடு மஞ்சளும் சேர்ந்து, கண்ணின் வெள்ளைவரைக்கும் பரவியிருந்தது.

"எனக்கு டேன் போடணும் நீ."

"உனக்கா? பைத்தியமா உனக்கு?"

"சாகப்போறவ மாதிரி நான் அந்தச் சர்ச்சுக்குள்ள போகமாட்டேன், டிம்ப். எல்லாரும் கிளீனாவைப் பாக்கறதை விட்டுட்டு என்னையே பாத்து உச்சுக்கொட்டுவாங்க. ஒருத்தராவது என்னைக் கேக்கணும், எங்க போயிட்டு வந்தேன்னு. அப்படிப் போட்டுவிடு. உன்னால முடியும்."

மாட்டேன் என்று சொல்ல டிம்ப்னாவுக்கு எந்த யோக்கியதையும் இல்லை. வியாழக்கிழமை கூடாரத்தைப் பிரித்து நிறுத்தினாள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். இரண்டு பேர் மட்டும், கதவு சாத்தியிருக்கும், கிளீனா பூக்காரரைப் பார்க்கப் போயிருப்பாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஊதா கலந்த மருந்து மஞ்சளை அடக்கும் என்பது தொழிலில் தெரிந்த விஷயம். அதைத் தேடி எடுத்து, பழுப்பே இல்லாத அளவுக்குத் தண்ணீராக்கினாள். அட்ராக்டா சட்டையைக் கழற்றினாள். வயிறு மட்டும் நிறைமாதம்போல வீங்கி, கையும் காலும் குச்சியாக இருந்தன. அந்த உடம்பை டிம்ப்னா மெத்தென்ற துணியால் துடைத்து, முழங்கையில் கிரீம் தடவினாள். முழங்கை கறுத்திருந்தது. முட்டி கறுத்திருந்தது. பழைய அம்மைத் தழும்பு ஒன்று மற்ற இடத்தைவிடக் கறுத்திருந்தது. காய்ந்த தோல் மருந்தைக் குடித்துவிட்டது என்று மூன்று வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட இடங்கள் அவை. இப்போது அவளால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

"அட்ராக்டா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல காலை முடி. நிக்க முடியல."

காலை முடித்தாள். ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகுக்கு வந்தாள். தெளிப்பான் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. அட்ராக்டா முதுகைக் காட்டிக்கொண்டே, வெளியில் யாரிடமோ பேசுகிற மாதிரி பேசினாள்.

"மார்ட்டின் போனப்புறம் என்னை யாருமே தொட்டதில்லடி, தெரியுமா? ஃபாதர் கை குலுக்குவார். கிளீனா வந்தா ஒரு தடவை கட்டிப்பா. அவ்வளவுதான். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நீ இங்க நிறுத்தி, கையைத் தூக்கு, திரும்பு, குனின்னு சொல்லி... நான் அந்த வியாழக்கிழமைக்காகத்தான் மத்த நாளெல்லாம் எழுந்திரிச்சேன். நீ ஒருத்திதான் என்னை முழுசாப் பாத்தவ."

டிம்ப்னா தெளிப்பானை அணைத்தாள். 

"என்னமோ சொல்லணும்னியே?" என்றாள் அட்ராக்டா.

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? நீ எழுந்து வந்ததே அதற்காகத்தான் என்கிறாயே, அங்கேதான் உன் நோயைக் கவனிக்காமல் விட்டேன் என்றா? முழுசாகப் பார்த்தவள் ஒன்றையுமே பார்க்கவில்லை என்றா? சாகிறவளிடம் மிச்சமிருக்கிற ஒரே நல்ல ஞாபகத்தையும் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக மன்னிப்பு கேட்பதா?

"கையைக் காட்டு," என்றாள். "கை பாக்கி."

அட்ராக்டா இரண்டு கையையும் நீட்டினாள். விரல் முட்டிகள் வீங்கிக் கறுத்திருந்தன. புரட்டினால் உள்ளங்கை ரேகைகளில் பென்சிலால் இழுத்த மாதிரி பழுப்புக் கோடுகள். உள்ளங்கையில் டிம்ப்னா ஒரு நாளும் மருந்து பூசியதில்லை. யாருக்குமே பூசியதில்லை. அந்தக் கோடுகளின் மேல் ஒரு சொட்டு கண்ணீர் விழுந்தது.

"ஏய், அழாதேடி. கோடு விழுந்துரும்," என்றாள் அட்ராக்டா. "நீதானே எல்லாருக்கும் சொல்லுவே."

சனிக்கிழமை அட்ராக்டா நீல உடுப்பில் சர்ச்சுக்குள் நடந்துபோனாள். நடந்துதான் போனாள், டிம்ப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அரைவெளிச்சத்தில் மஞ்சள் தெரியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். டிம்ப்னாவின் இருபது வருஷத்தில் அதைவிட இயற்கையான நிறம் அவள் கையிலிருந்து வந்ததில்லை. ஹோட்டலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அட்ராக்டா தங்கையின் காதில் எண்ணிக்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். "அஞ்சு பேர் கேட்டாச்சு, எங்க போயிட்டு வந்தேன்னு." பிறகு ஆறு. பிறகு ஏழு. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி எழுந்து வந்து டிம்ப்னாவின் தோளைத் தொட்டு, "உன் அக்காவுக்குப் போட்ட அதே நிறம் எனக்கும் வேணும், ஜூன்ல எங்க வீட்ல விசேஷம்" என்றாள். அட்ராக்டா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டிம்ப்னா பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

மூன்று வாரத்தில் அட்ராக்டா போய்விட்டாள். கடைசி நாலு நாள் பேச்சில்லை. அதற்கு முந்தைய நாட்களில் டிம்ப்னா தினமும் படுக்கையருகே உட்கார்ந்தாள், தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்துபோனாள்.

சவப்பெட்டியைத் திறந்தபடி கூடத்தில் வைத்தார்கள். முகத்துக்கு ஏதாவது போட வேண்டுமா என்று அடக்கம் செய்கிறவர் டிம்ப்னாவைத்தான் கேட்டார், தொழில் தெரிந்தவள் என்று. அவளால் கையைத் தூக்க முடியவில்லை. "உன் வேலை இன்னும் அப்படியே இருக்கு, நான் தொடத் தேவையே இல்ல" என்று அவரே சொல்லிவிட்டு, கொஞ்சம் பவுடர் மட்டும் ஒற்றினார். அட்ராக்டாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றினார். தலைமாட்டில் கிளீனா ஒரு ஃபோட்டோவைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். வேலியோரம், கையில்லாத நீலச் சட்டை. "இதுலதான் அம்மா நல்லா இருக்கா, இல்ல ஆன்ட்டி?" என்று கேட்டாள். அடியில் இருந்த எழுத்தை வெட்டிவிட்டிருந்தாள்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வரிசை வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. சமையலறையில் சாண்ட்விச்சும் டீயும் ஓடிக்கொண்டிருந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் கிளீனாவும், அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு டிம்ப்னாவும் நின்றார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். "பாவம், நல்ல மனுஷி." "கஷ்டந்தான், கஷ்டந்தான்." பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி, டிம்ப்னாவிடம்: "எவ்வளவு அழகா போட்டிருக்கே." "உன் கை யாருக்கு வரும்?" பத்துப் பேர் சொன்னார்கள், இருபது பேர் சொன்னார்கள். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தலையாட்டுவது அவளுக்குப் பழகிவிட்டது.

வியாழக்கிழமைப் பழைய வாடிக்கை நோரீன் டஃபி வந்து, பெட்டிக்குள் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கயோ வெயிலுக்குப் போயிட்டு வந்து அசதியில தூங்கற மாதிரி இருக்கா, டிம்ப்னா. இவளுக்குக் கடைசியா இதையாவது செஞ்சியே."

"அது நான் போட்டது இல்ல," என்றாள் டிம்ப்னா.

"என்ன?"

"நான் போட்டு மூணு வாரமாச்சு. ஒரு வாரத்துல போயிடும். உனக்குத் தெரியாதா, உனக்கு எத்தனை தடவை போட்டிருக்கேன்? நான் போட்டது அவமேல ஒண்ணுகூட இல்ல. இது நோய்."

நோரீன் அவள் கன்னத்தைத் தட்டினாள். "போய் ஒரு டீ குடிடி, பாவம். காலையிலேர்ந்து நிக்கறே." சொல்லிவிட்டு நகர்ந்தாள். ஆனால் கிளீனா நகரவில்லை. அவள் தலைமாட்டில் இருந்த ஃபோட்டோவைப் பார்த்தாள், பெட்டிக்குள் பார்த்தாள், மறுபடியும் ஃபோட்டோவைப் பார்த்தாள்.

"அப்போ இதுல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதுலயும் நான் போட்டது இல்லம்மா."

"எப்போலேர்ந்து?"

"மூணு வருஷமா."

"உனக்குத் தெரியுமா, ஆன்ட்டி?"

"நிறம் போகலைன்னு தெரியும். ஏன் போகலைன்னு யோசிக்கல. என் கைராசின்னு நெனச்சேன்."

 கிளீனா திட்டவில்லை, அழவில்லை. டிம்ப்னாவின் கைக்குள் இருந்த தன் கையை உருவிக்கொண்டாள். உருவிய கையை வரிசையில் அடுத்து நின்றவருக்கு நீட்டினாள்.

அடுத்து நின்றவர் மேல்தெருக் கிழவர், நூலகத்துக்குத் தவறாமல் வருகிறவர். கிளீனாவுக்குக் கை கொடுத்துவிட்டு டிம்ப்னாவிடம் வந்தார். அவளுடைய வெறுங்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை உற்றுப் பார்த்தார். திங்கள்தோறும் ரத்தம் விட்டு வெளுத்த முகம் அது. அந்த வீட்டில் அன்று உடம்பு தேறிவருகிற ஒரே முகம்.

"ஏம்மா, உன் நிறம் என்ன இப்படிப் போயிடுச்சு?" என்றார் கவலையோடு. "உடம்புக்கு ஏதாவதா? சும்மா விடாதே, உடனே போய் டாக்டர்கிட்ட காட்டு."

டிம்ப்னா அவருக்கு நன்றி சொன்னாள். அட்ராக்டாவை மூன்று வருஷமாக யாரும் அப்படிக் கேட்கவில்லை.